ஒரு மருந்து இன்னொரு மருந்தைச் சந்திக்கும்போது

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு, "மலருக்கும் ஆச்சு, மேடைக்கும் ஆச்சு, ஏதாவது பேசுப்பா" என்றார். "எதைப் பத்திண்ணே?" என்றேன். "எல்லாருக்கும் உபயோகமா இருக்கணும், அவ்ளோதான்" என்றார். நான் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் பொறியாளன். பம்ப், வால்வு, பாய்லர் இவைதான் என் உலகம். அதைப் பற்றிப் பேசினால் பின்வரிசை தூங்கும். மெக்கானிக்கல் பேராசிரியர் மட்டும் விழித்திருந்து தப்புக் கண்டுபிடிப்பார். இரண்டும் வேண்டாம். ஆகவே மருந்தைப் பற்றிப் பேசப் போகிறேன்.

"ஏம்பா, நீ என்ன டாக்டரா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் என் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு பைப் லைனில் கை வைக்க வேண்டுமானால், அந்த லைனில் ஏற்கெனவே யார் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட மாட்டோம். வெல்டர் நல்ல வெல்டராக இருக்கலாம், பெயின்டரும் நல்ல பெயின்டராக இருக்கலாம். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே டேங்க்கில் ஒரே நேரத்தில் இறங்கினால்தான் தீப்பிடிக்கும். மனித உடம்பும் அப்படித்தான். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒருவர், மூட்டுவலிக்கு ஒருவர், சளிக்கு மெடிக்கல் ஷாப் தம்பி. ஒவ்வொருவரும் நல்லதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அத்தனை பேருடைய மாத்திரையும் இறங்குவது ஒரே வயிற்றில்! அங்கே அனுமதிச் சீட்டு கொடுப்பவர் யார்? இந்தக் கேள்விதான் இன்றைய என் பேச்சு.

நம்ம ஏரியாவுக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு

வடசென்னை என்றால் துறைமுகம், மீன், லாரி, புகை என்று மட்டும் நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இந்திய நீரிழிவு மருத்துவத்தின் வரலாற்றில் ராயபுரத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவு நோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கிய பேராசிரியர் எம். விசுவநாதன் அவர்கள், 1954இல் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையை நம் ராயபுரத்தில்தான் நிறுவினார். "சுகரெல்லாம் பணக்காரன் வியாதி" என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இன்று நிலைமை என்ன? 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். அந்தப் பெரிய ஆய்வை முன்னின்று நடத்தியதும் சென்னையில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம்தான். பணக்காரன் வியாதி இப்போது மூட்டை தூக்குகிறவர், வலை இழுக்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டிலும் இருக்கிறது.

சர்க்கரை நோய் தனியாக வருவதில்லை. ரத்த அழுத்தத்தைக் கூட்டி வரும், கொழுப்பு வரும், சிறுநீரகம், இதயம், நரம்பு என்று ஒவ்வொன்றாகக் கணக்கில் சேரும். நம் பகுதியில் இன்னொரு கூட்டாளியும் உண்டு. அதுதான் டி.பி. என்கிற காசநோய். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2012இல் வெளியான ஆய்வொன்றில், தமிழ்நாட்டில் காசநோய்ச் சிகிச்சை பெற்றவர்களைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. ராயபுரம் நீரிழிவு மருத்துவமனையின் மருத்துவர்கள் அந்த ஆய்வில் முன்னணியில் இருந்தார்கள்.

காசநோயைப் பற்றிச் சென்னை பெருமைப்படத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 1959இல் உலகத்துக்கே ஒரு பாடம் சொன்னது. சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு என்று இருந்த நோயாளிகளும், நெரிசலான வீடுகளில் இருந்துகொண்டே மாத்திரை சாப்பிட்ட ஏழை நோயாளிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. அன்றிலிருந்து காசநோய் மருத்துவம் வீட்டுக்கு வந்துவிட்டது. அதாவது டி.பி. மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஒரே அலமாரியில், ஒரே பிஸ்கட் டப்பாவில் வைக்கப்படும் காலம் வந்தது. டப்பாவுக்குள் அவை சண்டை போடுவதில்லை. சண்டை எல்லாம் வயிற்றுக்குள் போன பிறகுதான்.

சண்டை எப்படி நடக்கிறது?

பொறியாளன் பாஷையில் சொல்கிறேன். ஒரு மருந்து உடம்பில் நுழையும் வாசல் குடல். அதை உடைத்துச் செயலிழக்கச் செய்யும் பட்டறை கல்லீரல். கழிவாக வெளியேற்றும் வடிகால் சிறுநீரகம். நடுவில் அது வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. இந்த நான்கு இடத்திலும் ஒரு மருந்து இன்னொன்றின் காலை வாரிவிடலாம்.

வாசலில் நடப்பதற்கு எளிய உதாரணம், நம் அம்மாக்கள் சாப்பிடும் தைராய்டு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு, கூடவே கால்சியம் மாத்திரையையோ இரும்புச்சத்து மாத்திரையையோ போட்டுக்கொண்டால், இரண்டும் குடலிலேயே ஒட்டிக்கொள்ளும். தைராய்டு மருந்து ரத்தத்தில் சரியாக ஏறாது. நான்கு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும், தகராறு தீர்ந்தது. இது சின்னச் சண்டை. பெரிய சண்டைக்கு வருகிறேன்.

பட்டறையில் கூடுதல் ஷிஃப்ட்

காசநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் ரிஃபாம்பிசின் மிக முக்கியமானது. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும்; பலர் ரத்தம் என்று பயந்துவிடுவார்கள், பயப்பட வேண்டியதில்லை. அது உயிர் காக்கும் மருந்து. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. கல்லீரல் என்னும் பட்டறையில் அது கூடுதல் ஷிஃப்ட் போட்டுவிடும். மருந்துகளை உடைக்கும் நொதிகள் ஒன்றிரண்டு வாரத்தில் பெருகிவிடும். அங்கே வருகிற மற்ற மருந்துகளை வழக்கத்தைவிட வேகமாக உடைத்துத் தள்ளிவிடும். கிளிபென்கிளமைடு, கிளைமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் இதில் மாட்டிக்கொள்ளும். ரிஃபாம்பிசினுடன் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் கிளிபென்கிளமைடின் அளவு ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்ததை ஃபின்லாந்து நாட்டு ஆய்வு ஒன்று 2001இல் அளந்து காட்டியது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை இவற்றுக்கும் இதே கதிதான்.

இது என் பெரியப்பா வீட்டில் நடந்தது. அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். காசிமேட்டில் வீடு. பல வருஷமாகச் சர்க்கரை, கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். இருமல் நிற்காமல், பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. ஓரிடத்தில் டி.பி. மருந்து, வேறோர் இடத்தில் சர்க்கரை மருந்து. அந்த இடங்களின் பெயர் நமக்கு வேண்டாம். ஒரு மாதத்துக்குள் சர்க்கரை 300ஐத் தாண்டியது. காசநோயே சர்க்கரையை ஏற்றும், அதுவும் ஒரு காரணம். மருந்து மோதல் இன்னொரு காரணம். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. பெரியம்மா நேராகத் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "இந்த ஆளு கடைத்தெருவுக்குப் போயி எதையோ துன்னுட்டு வர்றாரு. கம்முனு டீக்கடையில பாதுஷா துன்னா சுகர் ஏறாம என்னா பண்ணும்?" அவர் சத்தியம் செய்தார். நம்புவாரில்லை. சட்டைப் பையில் சோதனை போடும் அளவுக்குப் போனது. எழுபது வயது மனிதர், தன் வீட்டிலேயே திருடனைப் போல உட்கார்ந்திருந்தார்.

சர்க்கரை ஏறியதால் மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக ஆக்கினார்கள். சர்க்கரை இறங்கியது. ஆறு மாதம் ஓடியது. காசநோய் குணமானது, அந்த மாத்திரைகள் நின்றன. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இனிமேல்தான் கவனிக்க வேண்டும். ரிஃபாம்பிசின் நின்றதும் பட்டறையின் கூடுதல் ஷிஃப்ட்டும் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். ஆனால் இரண்டு மடங்கு சர்க்கரை மாத்திரை மட்டும் அப்படியே தொடர்ந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு விடியற்காலை. பெரியப்பாவின் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் உளறினார். வாதம் அடித்துவிட்டது என்று அழ ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டில் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை 38. அவர் விழுங்கும் நிலையில் இருந்ததால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே இருந்த இளம் டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "டி.பி. மாத்திரை எப்ப நிறுத்தினீங்க?" அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. பெரியப்பா பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஏனென்றால் கிளிபென்கிளமைடு நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து. குளுக்கோஸ் கொடுத்து ஏற்றினாலும் சில மணி நேரம் கழித்துச் சர்க்கரை மறுபடி இறங்கும். தம்பி தங்கைகளே, இதை மறக்காதீர்கள். மாத்திரையால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தவர் தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே படுக்க வைக்கக் கூடாது.

இந்தக் கதையில் குற்றவாளி யாரும் இல்லை. எந்த மருந்தும் தப்பான மருந்து இல்லை. புதிய மருந்து தொடங்கும்போது மட்டும் அல்ல, பழைய மருந்தை நிறுத்தும்போதும் கணக்கு மாறும் என்பதுதான் பாடம். பிளான்ட்டில் ஒரு பம்ப்பை நிறுத்தினால் மற்ற லைனில் பிரஷர் மாறுமா இல்லையா? அதே விஷயம்தான். ஆகவே காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் சர்க்கரை டாக்டரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். முடிக்கிற தேதியையும் சொல்ல வேண்டும். இந்தச் சிகிச்சைக் காலத்தில் பலருக்கு டாக்டர்கள் இன்சுலின் போடச் சொல்வது ஏன் என்பதும் இப்போது புரியும். இன்சுலினை ரிஃபாம்பிசின் இப்படி உடைத்துத் தள்ளுவதில்லை. "இன்சுலினா, ஐயோ கடைசிக் கட்டமா?" என்று பதற வேண்டாம்.

இன்னொன்று. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் என்ற மருந்து, பி6 வைட்டமினைக் குறைத்துக் கால் மரத்துப் போகச் செய்யலாம். சர்க்கரையும் கால் மரக்கச் செய்யும். "சுகர் இருந்தா கால் எரியத்தான் செய்யும்" என்று சும்மா இருந்துவிடுவார்கள். கூடக் கொடுக்கிற சின்ன பி6 மாத்திரையை வீசி எறியாதீர்கள்.

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்

சர்க்கரை மாத்திரை பிறந்த கதை சுவையானது. 1942இல் பிரான்ஸ் நாட்டில் மோன்பெலியே நகரில், ஜான்போன் என்ற மருத்துவர் டைஃபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்தார். சிலருக்கு வலிப்பும் மயக்கமும் வந்தன. பார்த்தால், ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. அவருடைய சகா லூபத்தியே அதை ஆராய்ந்து, இந்த வகை மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது என்று கண்டார். கிளிபென்கிளமைடு முதலான மாத்திரைகளின் பாட்டன் அந்தச் சல்ஃபா மருந்துதான்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? நம் வீடுகளில் சிறுநீர்க்கடுப்பு, வயிற்றுப்போக்கு என்றால் கடையில் கேட்டு வாங்கும் கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரையிலும் ஒரு சல்ஃபா இருக்கிறது. அது சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால், வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் சர்க்கரை அபாயமாக இறங்கக்கூடும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃபுளுகோனசோல் மாத்திரை, ரிஃபாம்பிசினுக்கு நேர் எதிர். பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிடும். சர்க்கரை மாத்திரை உடையாமல் ரத்தத்திலேயே தங்கும்.

கேட்டிஃப்ளாக்சசின் என்றொரு ஆன்டிபயாடிக் இருந்தது. சர்க்கரையை ஒருவருக்கு ஏற்றும், ஒருவருக்கு இறக்கும். கனடா நாட்டில் முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2006இல் இதை வெளிப்படுத்தியது. இந்திய அரசு 2011 மார்ச்சில் அந்த மருந்தை உட்கொள்ளும் வடிவில் விற்கத் தடை விதித்தது. அதன் சகோதர மருந்துகளான லீவோஃப்ளாக்சசின் போன்றவை பயன்பாட்டில் இருக்கின்றன, நல்ல மருந்துகள்தான். ஆனால் சர்க்கரை நோயாளி அவற்றைச் சாப்பிடும் நாட்களில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடிகாலில் அடைப்பு

இனி எனக்குப் பிடித்த பகுதி, ஃபில்டர். சிறுநீரகம் ஒரு ஃபில்டர். உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் நடுவே அழுத்தம் இருந்தால்தான் அது வடிகட்டும். மெக்கானிக்கல் மாணவர்களே, கவனியுங்கள்.

ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்றவை வெளியே போகும் குழாயை அகலமாக்கும். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு அது நல்லது, நீண்ட நாள் காக்கும். நீர் போக்கும் மாத்திரை, மொத்த டேங்க்கின் மட்டத்தைக் குறைக்கும். அதுவும் தேவைதான். இந்த இரண்டும் சாப்பிடுகிறவர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரையைத் தினமும் போட ஆரம்பித்தால், அது உள்ளே வரும் குழாயைச் சுருக்கிவிடும். உள்ளே வருவது குறைவு, வெளியே போவது தாராளம், டேங்க்கிலும் தண்ணீர் இல்லை. ஃபில்டரில் எங்கிருந்து அழுத்தம் வரும்? சிறுநீரகம் வேலையை நிறுத்திக்கொள்ளும்.

சித்திரை வைகாசியில் பாய்லர் பக்கத்திலோ, கன்டெய்னர் யார்டிலோ எட்டு மணி நேரம் வியர்த்து நிற்பவரை இங்கே எண்ணிப் பாருங்கள். உடம்பில் ஏற்கெனவே நீர் இல்லை. அதோடு வாந்தி பேதி வந்தால் கேட்கவே வேண்டாம். பலரும் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையைக் கல்லீரல் உடைப்பதில்லை. முழுக்க முழுக்கச் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வடிகால் அடைத்தால் அது தேங்கும். அரிதாக, ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் கடுமையான வாந்தி பேதியின்போதும், சாயமருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனுக்கு முன்பும், "மெட்ஃபார்மின் சாப்பிடுறேன், தொடரலாமா?" என்று கேட்க வேண்டும் என்கிறார்கள்.

நம் ஊரில் மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுப்பா" என்று கேட்கிற பழக்கம் உண்டு. பேப்பர் கவரில் நாலு கலர் மாத்திரை வரும். அதில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது. சில வேளை அதில் ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். வலி பறந்துவிடும், சர்க்கரையும் பறக்கும். மேலே!

அபாய மணியை அணைத்துவிட்டால்

சர்க்கரை இறங்கும்போது உடம்பு மணி அடிக்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், பசிக்கும். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள், குறிப்பாக ப்ரொப்ரனலால், இந்த நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். அட்டினலால், மெட்டோப்ரலால் போன்றவற்றில் இது குறைவு. வியர்வையை மட்டும் இவை மறைப்பதில்லை. ஆகவே காரணமில்லாமல் குளிர்ந்து வியர்த்தால் அதையே மணியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கிரேனில் ஏறுகிறவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், நைட் ஷிஃப்ட்டில் சாப்பாடு தள்ளிப்போகிறவர், ரமலான் நோன்பு இருக்கிறவர், சஷ்டி விரதம் இருக்கிறவர் எல்லோரும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றில் குடிக்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சாப்பாடு இல்லாத நேரத்தில் சர்க்கரையைத் தயாரித்துக் கொடுப்பது கல்லீரல். மது உள்ளே போனால் கல்லீரல் அந்த வேலையை விட்டுவிட்டு மதுவைச் சமாளிக்கப் போய்விடும். இன்சுலினோ மாத்திரையோ போட்டவருக்குச் சர்க்கரை இறங்கும். ரோட்டோரம் விழுந்து கிடப்பவரைப் பார்த்து "தண்ணி போட்டிருக்கான்" என்று எல்லோரும் தாண்டிப் போவார்கள். குடித்திருப்பதும் நிஜம், சாகக் கிடப்பதும் நிஜம்.

முதலுதவியில் ஒரு நுட்பம். வோக்ளிபோஸ், அகார்போஸ் என்ற மருந்துகள் பல கூட்டு மாத்திரைகளில் சேர்ந்து வருகின்றன. இவை நாம் சாப்பிடும் வெள்ளைச் சர்க்கரையை உடைக்க விடாது. அந்த மருந்து சாப்பிடுகிறவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் சீனித் தண்ணீர் சீக்கிரம் வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடரே வேண்டும். ஆகவே வீட்டிலும் பட்டறையிலும் ஒரு டப்பா குளுக்கோஸ் வைத்திருங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108ஐக் கூப்பிடுங்கள்.

பச்சிலையும் மருந்துதான்

பாகற்காய் ஜூஸ், வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டைப் பொடி. இவையெல்லாம் நம் பாட்டிமார் சொத்து. நான் குறை சொல்ல வரவில்லை. "வேலை செய்யும்" என்று நம்பினால், மாத்திரையோடு சேர்ந்தும் வேலை செய்யும் என்பதையும் நம்ப வேண்டும் அல்லவா? 1979இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு செய்தி வந்தது. பிரிட்டனில் வசித்த பாகிஸ்தான் நாட்டுப் பெண்மணி ஒருவர், சர்க்கரை மாத்திரையோடு பாகற்காய்க் கறி சாப்பிட்டுவந்தார். கறி சாப்பிட்ட நாட்களில் அவருடைய சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. டாக்டர்களுக்குக் காரணம் புரியவில்லை. சமையலறையைக் கேட்ட பிறகுதான் புரிந்தது. எனவே கஷாயம் குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். சித்த மருத்துவரிடம் போனாலும் ஆங்கில மாத்திரையை மறைக்காதீர்கள்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் ஒரு எச்சரிக்கை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் யாரும் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்! நிறுத்துவது, கூட்டுவது, குறைப்பது எல்லாம் டாக்டர் வேலை. நம் வேலை தகவல் கொடுப்பது.

ஒன்று: கன்ட்ரோல் ரூமில் லாக் ஷீட் வைத்திருப்பது போல வீட்டில் ஒரே ஒரு தாள். மருந்தின் பெயர், அளவு, நேரம், எதற்காக, யார் எழுதிக் கொடுத்தது, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி. கடைசிக் கட்டம் மிக முக்கியம்.

இரண்டு: அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. பொடி எழுத்தை எழுதுங்கள். இரண்டு டாக்டர் இரண்டு பெயரில் ஒரே மருந்தை எழுதியிருப்பது அப்போதுதான் தெரியும்.

மூன்று: புது டாக்டரிடம் போனால், வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும், சொட்டு மருந்து, பொடி, தைலம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, பி.பி. மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டு வருகிற பணியாளரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

நான்கு: எந்தப் புது மருந்துக்கும் மூன்று கேள்வி. "நான் சாப்பிடுற மத்த மருந்தோட இது ஒத்துப்போகுமா? எத்தனை நாள்? நிறுத்தினப்புறம் பழைய மருந்தோட அளவை மாத்தணுமா?" படித்த மருந்தாளுநர் உள்ள கடையில் அவரையும் கேட்கலாம்.

ஐந்து: மருந்தால் கெடுதல் வந்ததாகச் சந்தேகப்பட்டால், பொதுமக்களும் புகார் பதியலாம். 2010இல் தொடங்கிய தேசிய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. கேட்டிஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் கடையை விட்டுப் போனதே, யாரோ ஒருவர் கவனித்து எழுதி வைத்ததால்தான்.

நம் வள்ளுவர் மருந்து என்ற 95ஆவது அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனித்துக் கொடுப்பவர். முதல் மூன்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நான்காமவர் யார்? தம்பி தங்கைகளே, அது நீங்கள்தான். அப்பாவுக்கு வெள்ளெழுத்து, பொடி எழுத்தைப் படிக்க முடியாது. அம்மாவுக்கு எந்த மாத்திரை எதற்கு என்று யாரும் சொன்னதில்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியும், எழுதத் தெரியும், நான்கு பேரிடம் கேட்கவும் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்தத் தாளை எழுதிவிடுங்கள். சர்க்கரை ஏறினால் "திருட்டுத்தனமா தின்னியா?" என்று கேட்பதற்கு முன்னால், "புதுசா ஏதாவது மருந்து தொடங்கினாங்களா, நிறுத்தினாங்களா?" என்று கேளுங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் மலரோடு காலண்டர் கொடுக்கிறோம். அடுத்த ஆண்டு அதோடு இந்த மருந்துப் பட்டியல் அட்டையையும் அச்சடித்துக் கொடுப்போம். அச்சுச் செலவில் என் பங்கை இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்கிறேன். மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்த்தால் நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது!